கிளெமெந்தியின் பக்கம்

பலேர்மோவில் பழைய காலத்துப் பியானோ படித்த தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர்தான். அந்த இருவரில் ஒருத்தியாக இருப்பது லக்ஷனாவுக்குப் பெருமை. மற்றவள் என்று ஒருத்தி இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மற்றவள் தர்சனா. இருவருக்கும் இருபத்தைந்து வயது. ஒரே ஆண்டில் இசைக்கல்லூரியில் சேர்ந்து, பேராசிரியை லொம்பார்தோ என்ற ஒரே ஆசிரியையிடம் படித்தவர்கள். லக்ஷனா ஒரேத்தோவிலிருந்து நடந்து வருவாள். தர்சனா பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி வருவாள். லக்ஷனாவின் அப்பா கோபாலசிங்கம் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குபவர். அம்மா ஞானம்பிகை இரண்டு இத்தாலியச் சீமாட்டிகளின் வீடுகளில் வேலை செய்பவர். தர்சனாவின் அப்பா அகஸ்ரின் மன்னாரிலிருந்து வந்து ஒரு கார் கராஜில் வேலை செய்கிறார். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட அந்த இரண்டு வீடுகளிலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் தர்சனாவுக்குச் சேர்ச் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே ஓர்கன் வாசிப்பவள் அவள். லக்ஷனாவுக்கு இருந்தது சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு கீபோர்ட். சாப்பாடு போடும்போது அதைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவேண்டும். தர்சனாவின் கை எட்டுக் கட்டைகளுக்கு மேல் சிரமமில்லாமல் விரியும். லக்ஷனாவின் கை எட்டுக்கே இழுபடும். லக்ஷனா ஒரு பகுதியைப் பத்து நாள் பிடித்துக்கொண்டிருப்பாள். தர்சனா பஸ்ஸில் இசைத்தாளைப் பார்த்துக்கொண்டு வந்து இறங்கி வாசித்துவிடுவாள், பிழைகளோடுதான். அந்தப் பிழைகளைக்கூட ஒருவரும் கவனிப்பதில்லை என்பது லக்ஷனாவுக்கு இன்னும் எரிச்சல்.

ஒருமுறை தர்சனா வீட்டுக்கு வந்து கீபோர்டில் ஏதோ வாசித்துவிட்டுப் போன பிறகு, அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பிள்ளை வாசிச்சால் ஆரோ கதைக்கிற மாதிரி இருக்கு."

"நான் வாசிச்சால்?"

அம்மா யோசித்தார். "நீ வாசிச்சால் ஒரு பிழையும் இல்லை."

அந்தப் பதிலை லக்ஷனா மூன்று ஆண்டுகளாக மனதுக்குள் வைத்திருந்தாள். வெளியே பார்த்தவர்களுக்கு அவர்கள் உயிர்த்தோழிகள். ஒருத்தி வாசிக்க மற்றவள் பக்கம் புரட்டுவாள். சாப்பாட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். தர்சனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வுக்கு லக்ஷனா எடுத்துக்கொண்டது கிளெமெந்தியையும் மொசார்ட்டையும். 1781ஆம் ஆண்டு டிசம்பரில், நத்தாருக்கு முதல்நாள், வியன்னாவில் பேரரசர் இந்த இருவரையும் கூப்பிட்டு, விருந்தாளிகள் முன்னால் போட்டிக்கு வாசிக்கவிட்டார். கிளெமெந்தி ரோமில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவர் தன்னுடைய சொனாட்டா ஒன்றை வாசித்தார். ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி, சட்டென்று ஓடத் தொடங்கும் ஒரு மெட்டு அதன் தொடக்கம். பத்து ஆண்டுகள் கழித்து மொசார்ட் எழுதிய ஓர் ஒபெராவின் முகப்பிசையில் அதே மெட்டு வந்தது. கிளெமெந்தி சண்டைக்குப் போகவில்லை. தன் சொனாட்டாவை மறுபடி அச்சிட்டபோது மட்டும், இதைப் பேரரசர் முன்னால் 1781இல் வாசித்தேன், மொசார்ட்டும் அங்கே இருந்தார் என்று ஒரு குறிப்புப் போட்டார். மொசார்ட்டோ தன் தகப்பனுக்கு எழுதிய கடிதத்தில், கிளெமெந்தி வெறும் இயந்திரம், உணர்ச்சி சதத்துக்கும் கிடையாது என்று எழுதியிருந்தார்.

லக்ஷனா முழுக்க முழுக்கக் கிளெமெந்தியின் பக்கம். ஒரு பிழையும் இல்லாமல் வாசிப்பவனை இயந்திரம் என்றுவிட்டு, அவனுடைய மெட்டையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் ஒருத்தன். ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்துக்கு அவள் 'களவு' என்று தலைப்புப் போட்டாள். பேராசிரியை அதை வெட்டிவிட்டுப் பென்சிலால் 'தாக்கம்' என்று எழுதினார்.

கல்லூரி முற்றத்து வாங்கில் இருந்து இதைச் சொன்னபோது தர்சனா சிரித்தாள்.

"களவு எண்டு ஏன் சொல்லுறாய்? கேட்டது பிடிச்சிருந்தால் கையிலை ஒட்டிப்போடும்தானே."

"ஒட்டினால் பேரைச் சொல்லவேணும்."

"பத்து வருசத்துக்குப் பிறகு எங்கையிருந்து ஒட்டினதெண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்?"

"கிளெமெந்திக்கு இருந்ததே."

தர்சனா கடலைமாப் பொரியல் வைத்த பாணில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினாள்.

லக்ஷனா தர்சனாவுக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. கிளெமெந்தி வயதான பிறகு அந்த நாளைப் பற்றிச் சொன்னதை ஒரு நூலில் அவள் படித்திருந்தாள். மொசார்ட் அளவுக்கு உயிரோடும் நயத்தோடும் வாசித்த ஒருவரைத் தான் அதுவரை கேட்டதில்லை என்று அவர் மனம் விட்டுப் புகழ்ந்திருந்தார். லக்ஷனா அதைத் தன் கொப்பியில் எழுதிவைத்தாள். ஆய்வில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தன் வாதம் இளகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் கொண்ட நாப்போலிக் குழு ஒன்று, போர்ட்டேபியானோ வாசிக்க ஓர் ஆள் தேடியது. போர்ட்டேபியானோ என்பது மொசார்ட் காலத்துப் பியானோ. இப்போதையதைவிடச் சிறியது, சத்தமும் மெல்லியது. செப்டம்பரிலிருந்து ஒரு பருவம் முழுக்க வேலை, ஊர் ஊராகக் கச்சேரி. தேர்வில் ஒவ்வொருவரும் கிளெமெந்தியின் அந்தச் சொனாட்டாவையே வாசிக்கவேண்டும். பிறகு குழுவின் வயலின்காரரோடு, முன்பின் பார்க்காத ஒன்றைச் சேர்ந்து வாசிக்கவேண்டும். கடவுள் தனக்கென்றே இதை அனுப்பியிருக்கிறார் என்று லக்ஷனா நம்பினாள். தர்சனாவும் விண்ணப்பித்தபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடியது.

அந்தக் காலத்து வழக்கப்படி, ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கும்போது முதல்முறை வாசித்ததுபோலவே வாசிக்கமாட்டார்கள். வாசிப்பவர் தன் கற்பனையைச் சேர்க்கவேண்டும். சிறுவயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்கும் போனவள் லக்ஷனா. ஒரு வரியை நேராகப் பாடிவிட்டுப் பிறகு வளர்த்து வளர்த்துப் பாடுகிற சங்கதி அவளுக்குத் தெரியும். அப்படி ஒன்றைக் கிளெமெந்திக்குத் தேடினாள். பதினான்காம் இலக்க அறையில் வாரக்கணக்காக இருந்து அதைக் கண்டுபிடித்தாள். அந்தத் தட்டும் சுரம் திரும்ப வரவேண்டிய இடத்தில் கண் இமைக்கும் நேரம் ஒன்றுமே வாசிக்காமல் நிறுத்துவது. பிறகு கீழேயிருந்து ஐந்து சுரங்கள் ஏறிவந்து அதன்மேல் விழுவது. கேட்பவருக்குச் சுரம் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்ததுபோல இருக்கும். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தானே செய்த ஒன்று அது.

பக்கம் புரட்ட வந்த தர்சனா அதைப் பல நாட்கள் கேட்டாள். "வடிவாய் இருக்கு," என்றாள் ஒருநாள். லக்ஷனாவின் கைப்பேசி அப்போது ஒலிப்பதிவில் இருந்தது.

தேர்வு ஏப்ரலில், காலை பத்து மணிக்கு. சீட்டுக் குலுக்கியதில் தர்சனாவுக்கு மூன்றாம் இலக்கம், லக்ஷனாவுக்கு நான்கு. தர்சனா உள்ளே போனதும் லக்ஷனா கதவுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு இருந்தாள். முதல்முறை நேராகத்தான் போனது. வழக்கமான தர்சனா, இரண்டு இடத்தில் விரல் வழுக்கியது. லக்ஷனா அதை எண்ணினாள். பிறகு திரும்ப வாசிக்கும் இடம் வந்தது. உள்ளே பியானோ நின்றது. கண் இமைக்கும் நேரம் ஒன்றுமே இல்லை.

வரப்போவது என்னவென்று அந்த மௌனத்திலேயே லக்ஷனாவுக்கு விளங்கிவிட்டது. ஐந்து சுரங்கள் ஏறிவந்து தட்டும் சுரத்தின்மேல் விழுந்தன. அதைவிடக் கொடுமை, அவை தன் கையில் விழுவதைவிட மென்மையாக விழுந்தன.

தர்சனா வியர்த்த முகத்தோடு வெளியே வந்து அவள் தோளைத் தொட்டாள். "நல்லாச் செய். பயப்பிடாதை." லக்ஷனா அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இப்போது அதை வாசித்தால் தர்சனாவைப் பார்த்துச் செய்ததாகத்தான் நடுவர்கள் நினைப்பார்கள். வாசிக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். ஆனால் மூன்று மாதம் பழகிய கை, அந்த இடம் வந்ததும் தானாகவே கீழே இறங்கியது. அவள் அதை இழுத்தெடுத்தாள். இழுத்த வேகத்தில் ஒரு பிழையான கட்டை விழுந்தது. வயலினோடு சேர்ந்து வாசித்தபோது அவள் வயலின்காரரைப் பார்க்கவே இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, தனியே ஓடி முடித்தாள்.

மறுநாள் முடிவு வந்தது. தர்சனா.

அன்று பின்னேரமே தர்சனா தன் அம்மா பொரித்த பற்றிஸ் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். ஞானம்பிகை அவளைக் கட்டிப்பிடித்து, "எங்கடை பிள்ளை ஒண்டு கச்சேரிக்குப் போகுது," என்று நெற்றியில் கொஞ்சினார். 'எங்கடை பிள்ளை' என்ற சொல் லக்ஷனாவின் காதில் சுட்டது. தலையிடி என்று குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, தர்சனா போகும்வரை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது சோபாவில் தர்சனா மறந்துவிட்டுப் போன சால்வை கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் நடுவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். கோபம் காட்டாமல், மரியாதையாக, ஆய்வுக்கட்டுரை எழுதுகிற இத்தாலியனில் எழுதினாள். திகதி தெரியும் நான்கு ஒலிப்பதிவுகளை இணைத்தாள். கடைசிப் பதிவின் முடிவில் தர்சனாவின் குரல் இருந்தது: வடிவாய் இருக்கு. அந்த இரண்டு சொற்களையும் 'அழகாக இருக்கிறது' என்று மொழிபெயர்த்துக் கீழே குறித்தாள். ஒரு பிழையும் இல்லை என்று இரண்டுதரம் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

நடுவர்கள் அதைப் பேராசிரியைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். குழுவின் வயலின்காரர் பெர்ரான்தேயும் அங்கே இருந்தார். பேராசிரியை ஒலிப்பதிவை ஓடவிட்டார். ஐந்து சுரங்களும் ஏறி விழுந்ததும் நிறுத்தினார்.

"தர்சனா, இது யாருடையது?"

"லக்ஷனாவுடையது," என்றாள் தர்சனா உடனேயே. பேராசிரியையைப் பார்த்துச் சொல்லவில்லை. லக்ஷனாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தமிழில், மெதுவாக: "நான் நினைச்சு எடுக்கேல்லை. வாசிக்கேக்கை வந்திட்டுது. வந்த பிறகுதான் எனக்கே விளங்கினது. அதாலைதான் உன்ரை தோளைத் தொட்டனான்." அதையே இத்தாலியனிலும் சொன்னாள். தோளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பெர்ரான்தே தன் குறிப்புத் தாளை எடுத்து விரித்தார். "அந்த இடத்துக்கு நான் எழுதியிருப்பது ஒரே ஒரு சொல், இனிமை. அதற்காக நாங்கள் இவரை எடுக்கவில்லை." அவர் லக்ஷனாவிடம் திரும்பினார். "நான் வாசிக்கும்போது ஓர் இடத்தில் மூச்சு எடுத்தேன். தாளில் அப்படி நிறுத்தம் இல்லை. இவருடைய இடக்கை காத்திருந்தது. அன்றைக்கு வாசித்த ஆறு பேரில் என்னைக் கேட்டவர் இவர் ஒருவர்தான்."

அவர் தாளை மடித்தார்.

"உங்கள் அலங்காரம் அழகானது. நீங்களும் அதை வாசித்திருக்கலாம். இருவரும் ஒரே ஆசிரியையிடம் படித்தவர்கள் என்றுதான் நினைத்திருப்போம்."

களவு கொடுத்துத் தோற்றிருந்தால் லக்ஷனாவால் தாங்கியிருக்க முடியும். அவளிடமிருந்து எடுத்த ஒன்றால் தர்சனா வெல்லவில்லை. தர்சனாவிடமே இருந்த ஒன்றால் வென்றிருக்கிறாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டு சொன்னதையே முன்பின் தெரியாத ஒரு மனிதர் வேறு சொற்களில் சொல்லிவிட்டார்.

படிக்கட்டில் தர்சனா நின்றாள். "என்னட்டைக் கேட்டிருக்கலாமே, லக்ஷனா. கடிதம் எழுதிப்போட்டியே."

"கேட்டால் என்ன சொல்லியிருப்பாய்?"

"ஓம் எண்டு சொல்லியிருப்பன். உள்ளுக்கு இப்பச் சொன்ன மாதிரி." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ அதை எழுதேக்கை நான் எங்கடை வீட்டிலை சால்வையைத் தேடிக்கொண்டு நிண்டனான். உங்கடை சோபாவிலை விட்டிட்டு வந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது."

அதன் பிறகு அவர்கள் கதைக்கவில்லை. லக்ஷனா அந்தச் சால்வையைத் தோய்த்து மடித்து, அப்பாவிடம் கொடுத்து அகஸ்ரினின் கராஜுக்கு அனுப்பினாள்.

செப்டம்பரில் தர்சனா நாப்போலிக் கப்பல் ஏறினாள். அன்றைக்குக் கோபாலசிங்கத்துக்குத் துறைமுகத்தில் வேலை. சாப்பிட இருந்தபோது அவர்தான் அதைச் சொன்னார்.

"உன்ரை சிநேகிதி போட்டுது. பெட்டி சரியான பாரம். நான்தான் படியிலை தூக்கிக் குடுத்தனான்."

"நீங்களோ?"

"பின்னை? பிள்ளை அழுதுகொண்டெல்லோ நிண்டது. லக்ஷனா சுகமோ எண்டு கேட்டது. ஏன், நீ வழியனுப்பப் போகேல்லையே?"

"எழுத்துவேலை இருந்தது."

தன் அப்பா அவளுடைய பெட்டியைச் சுமந்து படி ஏறியதை நினைக்க லக்ஷனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதிலும்கூடத் தர்சனாவுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. அதை நினைத்த மறு கணமே தன்மேல் வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்ததால் பொறாமை குறைந்துவிடவும் இல்லை.

ஆய்வைத் திருத்த உட்கார்ந்தபோது, கொப்பியில் எழுதிவைத்திருந்த அந்த வாசகத்தை எடுத்தாள். மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தன்னை இயந்திரம் என்றவனை ஒரு மனிதன் எப்படி அவ்வளவு வாய் நிறையப் புகழ்ந்தான் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்காமலே இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் அதைச் சேர்த்தாள். வாதம் இளகத்தான் செய்தது. இளகிய இடத்தைச் சுற்றிப் பத்துப் பக்கம் மறுபடி எழுதவேண்டியிருந்தது.

பேராசிரியை படித்துவிட்டுக் கேட்டார்: "இது எப்போது உங்களுக்குக் கிடைத்தது?"

"ஜனவரியில்."

பேராசிரியை அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அக்டோபரில் பட்டம் கிடைத்தது, நல்ல புள்ளிகளோடு. கல்லூரிப் பாட்டு வகுப்புகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வேலையும் கிடைத்தது. பாடுபவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் இடக்கையைக் காக்கவைக்கப் பார்த்தாள். கை முந்தியது, அல்லது பிந்தியது. தர்சனாவுக்கு இது சேர்ச்சில், பூசைக்கு வந்த இருநூறு பேரோடு பன்னிரண்டு ஆண்டு வாசித்து வந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதுவரை அதைத் தர்சனாவின் அதிர்ஷ்டம் என்றே வைத்திருந்தாள்.

மார்ச்சில் நாப்போலிக் குழு பலேர்மோவுக்கு வந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக் கச்சேரி. போவதில்லை என்று இருந்தவள் ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டாள். பின்வரிசையில், தூண் மறைக்காத ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். தர்சனா முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள்.

இடைவேளைக்கு முன் தர்சனா தனியே கிளெமெந்தியை வாசித்தாள். திரும்ப வாசிக்கும் இடம் நெருங்க நெருங்க லக்ஷனா முன்னால் சாய்ந்தாள். இப்போது நிற்கும், இப்போது ஐந்து சுரங்கள் ஏறும் என்று காத்திருந்தாள். பியானோ நிற்கவில்லை. வலக்கை அந்தச் சுரத்தைத் தட்டிக்கொண்டே போக, இடக்கை முழுதாக ஒதுங்கிக்கொண்டது. துணையில்லாமல் அந்தச் சுரம் மட்டும் மண்டபத்தில் தொங்கியது. தொங்கி, இனித் தாங்காது என்ற இடத்தில், இடக்கை கீழே எங்கிருந்தோ அதே மெட்டைச் சொல்லிக்கொண்டு வந்தது. பிந்தி வந்தது, ஆனால் வரவேண்டிய நேரத்தில் வந்தது.

அது லக்ஷனாவின் சங்கதியைவிட நல்லது. அவளுக்கு உடனே தெரிந்தது. நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் எழுந்து வந்து உட்கார்ந்தது. அதே நேரம் அவளுடைய இடது கை முழங்காலின்மேல் அசைந்துகொண்டிருந்தது. எங்கே ஒதுங்கியது, எத்தனை தட்டுக்குப் பிறகு வந்தது என்று விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் கைதட்டும்போது அவள் தட்டவில்லை, எண்ணிக்கை தவறிவிடும்.

கச்சேரி முடிந்து, கோட்டைக் கையில் போட்டபடி மேடைப் பக்கம் போனாள். தர்சனா இசைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முதலில் பேசவேண்டியவள் லக்ஷனாதான் என்பது இருவருக்கும் தெரியும்.

"உந்த இடக்கையை விட்டுப் பிடிச்சாயே," என்றாள் லக்ஷனா. "அதை நான் எடுக்கப்போறன்."

தர்சனா தாள்களைப் பைக்குள் வைத்தாள். "இஞ்சை என்னட்டைக் கேக்கிறியோ, சொல்லுறியோ?"

"கேக்கிறன்."

"அப்ப எடு." கொஞ்சம் பொறுத்து, "உன்ரை ஐஞ்சு சுரத்தை நான் விட்டிட்டன். வாசிக்கேக்கை எல்லாம் அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. அது போற இடத்தை நிரப்ப வேறை ஒண்டு தேடவேண்டி வந்திட்டுது."

"கடிதம் எழுதினது பிழை."

"ஓம்," என்றாள் தர்சனா. பெர்ரான்தே அந்தப் பக்கமிருந்து அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு இரவுதான் கப்பல். மத்தியானம் அம்மா வீட்டிலை இருப்பன். வாறதெண்டால் வா." அவள் போய்விட்டாள். லக்ஷனா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டுக் கீபோர்டைத் திறந்தாள். முதல்முறை இடக்கை முந்திவிட்டது. இரண்டாம் முறை பிந்திவிட்டது. மூன்றாம் முறை ஏறக்குறைய வந்தது.

வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த ஞானம்பிகை வாசலில் நின்று கேட்டார். "உது தர்சனா வாசிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு?"

"ஓம் அம்மா. அவளின்ரைதான்."

"நல்லாயிருக்கு. ஆனால் நீ இன்னும் கொஞ்சம் அவசரப்படுறாய்." அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

லக்ஷனா இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் அந்தச் சுரத்தைத் தட்டத் தொடங்கினாள்.